கரிந்த நிலத்தில் ஒரு கால்

கலிபோர்னியாவில் காட்டுத்தீக்கென்றே ஓடும் வண்டிகளில் நிறையப் புழங்குவது 'மூன்றாம் வகை' வண்டி. தொட்டியில் குறைந்தது 500 கேலன் தண்ணீர் இருக்கும். நம் கணக்கில் 1,900 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பம்ப் நிமிடத்துக்கு 150 கேலன் தள்ளும். முழுத் திறனில் திறந்துவிட்டால் 3 நிமிடம் 20 விநாடியில் தொட்டி காலி. நிமிடத்துக்கு 20 கேலன் விடும் சின்ன நாசிலை மாட்டிச் சிக்கனமாக அடித்தால் 25 நிமிடம் வரும். அதிலும் கடைசிப் பங்கைத் தொடக்கூடாது. வண்டியும் ஆட்களும் நெருப்புக்குள் மாட்டிக்கொண்டால் தங்களைக் காத்துக்கொள்ள அந்தத் தண்ணீர் வேண்டும்.

ஊருக்குள் வீடு எரிந்தால் தெருவிலேயே தீயணைப்புக் குழாய் இருக்கிறது. மலைச்சரிவில் இந்தத் தொட்டிதான் எல்லாம். ஆகவே காட்டுத்தீயை நிறுத்துவது பெரும்பாலும் மண்வெட்டி வேலை. தீ போகும் வழியில் புல்லையும் புதரையும் வெட்டி, சருகையும் மக்கையும் வழித்து, வெறும் மண் தெரியும்வரை ஒரு கோடு போடுகிறார்கள். தின்ன எதுவும் கிடைக்காத இடத்தில் தீ நிற்கிறது. அந்தக் கோட்டைப் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் சூட்டைத் தணித்துத் தருகிறது. விமானம் தூவும் சிவப்புக் கரைசல் அவகாசம் தருகிறது. கோடு போடும் மனிதர்களோ பல நேரம் தீயை ஒட்டியே நிற்கிறார்கள். கட்டளை, ரேடியோ, வரைபடம், படிவம் என்று இந்தத் துறை கட்டி வைத்திருக்கும் அத்தனையையும் நான் ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: கோட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், எந்த வழியாக வெளியே வருவார் என்பது இந்த நிமிடத்தில் யாருக்காவது தெரியுமா?

முதலில் போய்ச் சேரும் வண்டியின் கேப்டன்தான் அந்தத் தீயின் முதல் தளபதி. அவரோடு இரண்டு மூன்று பேர் மட்டுமே இருந்தாலும் அப்படித்தான். இறங்கியதும் குழாயை இழுத்துக்கொண்டு ஓடத்தான் கை பரபரக்கும். தேர்ந்த கேப்டன் முதலில் மைக்கை எடுப்பார். தீ முழுதாகக் கண்ணில் படும் ஓரிடத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வரிசையாகச் சொல்வார். தீயின் பெயர் என்ன (பக்கத்துச் சாலை, ஓடை, குன்று ஏதாவது ஒன்றின் பெயர் அதற்கு வந்துவிடும்). எத்தனை ஏக்கர். எரிவது புல்லா, புதரா, மரமா. சரிவு எவ்வளவு, எந்தத் திசை பார்த்த சரிவு. காற்று எங்கிருந்து, என்ன வேகம். தீ ஊர்கிறதா, ஓடுகிறதா, கங்கு பறந்து முன்னால் விழுகிறதா. எதிரே வீடு, மின்கம்பி, முகாம் ஏதாவது உண்டா. பின்னால் வருகிற வண்டிகள் எந்தச் சாலையில் வர வேண்டும், எங்கே கூட வேண்டும். கட்டளை யாரிடம்.

இவற்றோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அதில்தான். என்ன உதவி வேண்டும் என்று கேட்கும்போது கண்முன் தெரியும் தீயை அளந்து கேட்கக்கூடாது. கேட்ட உதவி வந்து சேரும் நேரத்தில் தீ எவ்வளவு இருக்குமோ, அதை அளந்து கேட்க வேண்டும். ஐந்து ஏக்கர் தீக்கு இரண்டு வண்டி போதும் என்று கேட்டு, அவை வரும்போது ஐம்பது ஏக்கராகி, மறுபடி நான்கு கேட்டு, அவை வரும்போது முந்நூறு ஏக்கராகி, இப்படித் தீயின் வாலைத் துரத்திக்கொண்டே கெட்டுப்போன வேலைகள் ஏராளம். தேவைக்கு மேல் வந்த வண்டியைத் திருப்பி அனுப்பலாம். வராத வண்டிக்கு மாற்று இல்லை. கால் ஃபயர் எனப்படும் கலிபோர்னிய மாநிலத் தீயணைப்புத் துறை 95 விழுக்காடு காட்டுத்தீக்களை 10 ஏக்கருக்குள் மடக்கிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆபத்தான நாட்களில் புகை தெரிந்தது என்ற முதல் அழைப்புக்கே வண்டிகள், புல்டோசர், கைக்கருவிக் குழு, விமானம், ஹெலிகாப்டர் என்று ஒரு படையையே அனுப்புவது அதனால்தான்.

தீக்கு உடம்பு உண்டு. வேகமாக முன்னால் ஓடும் பகுதி தலை. இரு பக்கமும் விலா. தொடங்கிய இடத்தை ஒட்டி மெதுவாக எரிவது வால். எரியாமல் நடுவில் தங்கியது தீவு. பக்கவாட்டில் நீண்டு போனது விரல். தலையில் போய் நின்று மறிப்பது வீரமாகத் தெரியும்; அதுதான் ஆளைக் கொல்லும் இடமும். வாலில், எரிந்து முடிந்த இடத்தையோ சாலையையோ பாறையையோ முட்டுக்கொடுத்து, அங்கிருந்து விலா வழியாக மேலேறித் தலையை இறுக்குவதுதான் முறை. இப்படி முட்டுக்கொடுக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'ஆங்கர்', அதாவது நங்கூரம் என்பார்கள். நங்கூரம் இல்லாமல் விலாவின் நடுவில் கோடு போடத் தொடங்கினால் தீ கீழே சுற்றி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

எங்கே, எதைக் கொண்டு மோதலாம் என்பதற்குத் தீக்கொழுந்தின் நீளமே அளவுகோல். 4 அடிக்குள் இருந்தால் கைக்கருவியோடு ஓரத்திலேயே நின்று வேலை செய்யலாம். 4 முதல் 8 அடி என்றால் மனிதனால் பக்கத்தில் நிற்க முடியாது. புல்டோசர், பம்ப் வண்டி, விமானம் வேண்டும். 8 அடியைத் தாண்டினால் மரம் உச்சிவரை பற்றும், கங்கு தாவும். 11 அடிக்கு மேல் போய்விட்டால் தலையில் என்ன செய்தாலும் பயனில்லை. விலகி நின்று வேறொரு கோட்டைத் தேட வேண்டியதுதான். சரிவுக்கும் ஒரு மனக்கணக்கு உண்டு: ஏற்றம் 10 டிகிரி கூடக்கூடத் தீயின் மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு. மனிதன் ஏறும் வேகமோ அதே சரிவில் குறைந்துகொண்டே போகும். மலையில் தீக்கு மேலே நிற்காதே என்று அத்தனை தடவை சொல்வது இதற்காகத்தான்.

கைக்குழுவில் ஏறத்தாழ 20 பேர். ஒருவருக்கொருவர் 10 அடி இடைவெளி. முன்னால் சங்கிலி ரம்பம் பிடித்தவர், வெட்டியதை இழுத்து எறிபவர். அடுத்து புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து உள்ள கருவி அது. 1910இன் பெருந்தீயில் ஐடஹோவில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஒதுக்கிக் காப்பாற்றிய வனத்துறை ரேஞ்சர் எட் புலாஸ்கியின் பெயரைத் தாங்கியது. கடைசியில் மெக்லவுட் எனும் அகலப் பல்வாரி, மண்ணை வழித்துச் சுத்தமாக்க. எரிபொருளின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம் என்பது பொதுக்கணக்கு. இடுப்பளவு புதருக்கு ஐந்தடிக் கோடு. வெட்டிய பச்சையைத் தீ இல்லாத பக்கம் எறிய வேண்டும், கரிந்ததைத் தீப்பக்கம் எறிய வேண்டும். மாற்றி எறிந்தால் கோட்டை ஒட்டியே தீக்கு விறகு அடுக்கிக் கொடுத்ததாகும். தீக்குக் கீழே சரிவில் கோடு போனால் வெறும் கோடு போதாது, பள்ளமாக வெட்டி மண்ணைக் கீழ்க்கரையில் அணைக்க வேண்டும். எரியும் பைன் காயும் கட்டையும் உருண்டு வந்து அதில் தங்கும். இல்லாவிட்டால் அவை கோட்டைத் தாண்டி அடிவாரத்தில் புதுத் தீ வைக்கும். குறுக்கே ஓடும் வேரை வெட்டாமல் விட்டாலும் ஆபத்துதான். மண்ணுக்கடியில் கனன்று போய் இரண்டு நாள் கழித்து மறுபக்கம் தலைகாட்டும்.

தண்ணீர்க் குழாயோடு விலாவில் ஏறுவது தனிக் கலை. ஒன்றரை அங்குலக் குழாய், 100 அடி ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு பிரிப்பு. அதிலிருந்து ஓர் அங்குலக் கிளை. முனையில் நிற்பவர் தீயை அடித்துக்கொண்டே போவார். துண்டு முடிந்ததும் பின்னால் இருப்பவர் இடுக்கியால் குழாயை நசுக்கித் தண்ணீரை நிறுத்தி, நாசிலைக் கழற்றி, புதுத் துண்டை மாட்டி, இடுக்கியை விடுவார். பழகிய குழு இதைப் பேச்சே இல்லாமல் செய்யும். இதில் வரும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, உயரம். ஒவ்வொரு 100 அடி ஏற்றத்துக்கும் பம்ப் அழுத்தத்தில் 43 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) போய்விடும். 300 அடி ஏறினால் 130. குழாயின் உராய்வு தனி. கீழே பம்ப் முழுமூச்சில் இரைந்துகொண்டிருக்கும், மேலே நாசிலில் தோட்டத்துக் குழாய் போலத் தண்ணீர் ஒழுகும். இரண்டு, முனையில் இருப்பவர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் அணைந்ததாக நினைத்த கங்கு குழாயைத் தின்றுவிடும். குழாய் நெடுக ஆள் நடந்து பார்க்க வேண்டும். தொட்டி பாதியானதும், கால்வாசியானதும் பம்ப்காரர் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்த செய்தி நாசில் வழியாகத் தெரிய வரக்கூடாது.

தீயை ஒட்டி நிற்க முடியாதபோது தொலைவில் மலைமுகட்டிலோ சாலையிலோ கோடு போட்டு, கோட்டுக்கும் தீக்கும் நடுவே இருப்பதைத் தாங்களே எரித்துவிடுவார்கள். டீசல் மூன்று பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு கலந்த சொட்டுப் பந்தம் அதற்கு. பெட்ரோல் கூடினால் பந்தம் சீறும், பிடித்தவருக்கே ஆபத்து. தீ வைப்பவர் வேகமாகப் போய், கோட்டைக் காக்கும் ஆட்கள் பின்தங்கிவிட்டால் தங்கள் தீயே கோட்டைத் தாண்டிவிடும். எரிப்பவரின் நடையைக் காவல் நிற்பவர் தீர்மானிக்க வேண்டும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. 1957இல் அமெரிக்க வனத்துறை பத்துக் கட்டளைகளை வகுத்தது. பின்னர் 18 எச்சரிக்கைச் சூழ்நிலைகளும் சேர்ந்தன. புகை நடுவே 28 வரியை யார் நினைவில் வைப்பது? 1990 ஜூன் 26 அன்று அரிசோனாவின் டூட் தீயில் 6 பேர் இறந்தபோது பால் கிளீசன் என்பவர் அங்கே ஒரு ஹாட்ஷாட் குழுவின் (கடினமான தீக்கென்றே தேர்ந்த கைக்குழு) தலைவராக இருந்தார். மறு ஆண்டில் அவர் அத்தனையையும் நான்கு சொல்லாகச் சுருக்கினார்: கண்காணி, தகவல்தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம். தீயைத் தொடும் முன் நான்கும் இருக்க வேண்டும். ஒன்று போனாலும் வேலையை நிறுத்தி விலக வேண்டும்.

நான்கிலும் நுணுக்கம் இருக்கிறது. கண்காணி என்பவர் ஓய்வில் இருக்கும் ஆள் அல்ல. குழுவிலேயே தீயை நன்கு படிக்கத் தெரிந்தவரை வேலையிலிருந்து விடுவித்து, தீயும் குழுவும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். 'தீ அந்தப் பாறைக்கு வந்தால் கிளம்புங்கள்' என்று நிலத்தில் ஓர் எல்லைக்குறி முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தீ வந்த பிறகு யோசிக்கலாம் என்றால் யோசிக்கும் நேரத்தைத் தீ எடுத்துக்கொள்ளும். தப்பும் வழி குறைந்தது இரண்டு வேண்டும். ஒருமுறையேனும் நடந்து நேரம் பார்த்திருக்க வேண்டும். களைத்த கால்களுக்கும் குழுவின் மிக மெதுவான ஆளுக்கும் கணக்குப் போட வேண்டும். பாதுகாப்பிடம் என்றால் கவசக் கூடாரம் இல்லாமலே நின்று பிழைக்கக்கூடிய இடம். சமதளத்தில், காற்றில்லாதபோது, தீக்கொழுந்தின் உயரத்தைப்போல நான்கு மடங்கு தூரம் தீக்கும் ஆளுக்கும் நடுவே வேண்டும். 20 அடிக் கொழுந்துக்கு எல்லாப் பக்கமும் 80 அடி. சரிவிலும் காற்றிலும் இன்னும் எவ்வளவோ கூடும். இடுப்பில் தொங்கும் அலுமினியக் கவசக் கூடாரம் ஏறத்தாழ 2 கிலோ. வீசும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தீக்கொழுந்தே நேராகத் தழுவினால் நெடுநேரம் தாங்காது.

இருக்கிறதிலேயே நல்ல பாதுகாப்பிடம் பெரும்பாலும் ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலம். 'கரியில் ஒரு கால் வைத்து வேலை செய்' என்பது இத்தொழிலின் மூத்த பாடம். தீ ஒருமுறை தின்ற இடத்துக்கு மறுபடி வராது, அது சுத்தமாக எரிந்திருந்தால். புதரின் மேல்தழை மட்டும் வதங்கி நின்றால் அது கரி அல்ல, இரண்டாவது விருந்து.

2013 ஜூன் 30. அரிசோனாவில் யார்னெல் குன்று. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 28ஆம் தேதி மாலை மின்னலில் பிறந்த தீ அது. முதலில் மிகச் சிறியது, பாறையும் புதரும் நிறைந்த, எளிதில் போய்ச் சேர முடியாத குன்றில். 30ஆம் தேதி அது பெரிதாகிவிட, காலையில் கட்டளை சிறிய குழுவிடமிருந்து பெரிய குழுவுக்குக் கைமாறியது. வந்த குழுவின் பொறுப்பாளர்கள் எல்லோரும் இன்னும் சேர்ந்திருக்கவில்லை. கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற குழு வாலில் நங்கூரம் போடும் வேலையில் இருந்தது. பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையின் குழு அது. அமெரிக்காவில் ஹாட்ஷாட் குழு என்பது வழக்கமாக வனத்துறையுடையது, ஒரு நகரம் தனக்கென வைத்திருந்தது இதுதான். குழுத்தலைவர் அன்று அந்தப் பகுதி முழுவதற்குமான பொறுப்பாளராக நியமிக்கப்பட்டிருந்தார். குழுவை அவருக்கு அடுத்தவர் நடத்தினார்.

பிற்பகலில் இடிமழை மேகம் ஒன்று வடக்கே திரண்டது. அத்தகைய மேகம் சரியும்போது குளிர்ந்த காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் பாயும். வானிலைத் துறை எச்சரித்தது. எச்சரிக்கை ரேடியோவில் கோட்டுக்கும் வந்தது. தீ எல்லைக்குறியைத் தொட்டதும் குழுவின் கண்காணி, பேசி வைத்தபடியே தன் இடத்தை விட்டு விலகினார், பிழைத்தார். அவர் விலகிய பின் தீயையும் குழுவையும் சேர்த்துப் பார்க்கும் கண் அந்தப் பக்கத்தில் இல்லை. குழு அப்போது கரியில் பத்திரமாக இருந்தது. பிறகு கரியை விட்டு இறங்கி, எரியாத அடர்ந்த புதர் வழியே, தூரத்தில் தெரிந்த ஒரு பண்ணை வீட்டை நோக்கி நடந்தது. ஏன் நடந்தார்கள் என்பதற்கு உறுதியான விடை ஆய்வறிக்கையிலும் இல்லை. 30 நிமிடத்துக்கும் மேலாக அவர்களோடு நடந்த பேச்சு எதையும் ஆய்வுக் குழுவால் உறுதிசெய்ய முடியவில்லை. வடகிழக்காகப் போய்க்கொண்டிருந்த தீ காற்று மாறியதும் தெற்கே திரும்பியது. முன்பு விலாவாக இருந்தது தலையானது. மாலை 4.40 மணியளவில் பண்ணைக்கு 600 கெஜம் முன்னால் 19 பேரும் கவசக் கூடாரத்துக்குள் படுத்து, அங்கேயே இறந்தார்கள்.

இறந்தவர்கள் மேல் குற்றம் சுமத்தும் எழுத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. எனக்கு அதில் தெரிவது கட்டளையின் இடைவெளி. கைமாறும் நாள், பாதி நிரம்பிய குழு, மேலே ஒவ்வொரு நிமிடமும் விமானங்களோடு பேசிக்கொண்டிருந்த வான்கண்காணிப்பாளர், நெரிசலான ரேடியோ, ஊரைக் காலி செய்யும் பதற்றம். குழு நகர்கிறது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எந்த வழியாக என்பது சரியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இத்தகைய இடைவெளியை அடைக்கவே, யார்னெலுக்கு வெகு முன்பே பிறந்தது இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம் என்ற கட்டளை முறை. 1970 செப்டம்பர் கடைசியில் தெற்கு கலிபோர்னியாவில் 13 நாளில் 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்கள் போயின, 5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆளும் வண்டியும் குறைவாக இருந்தது பெரிய குறை அல்ல. வந்த துறைகள் ஒன்றோடொன்று பேச முடியாததுதான் குறை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு ரேடியோ அலைவரிசை, ஒரே பொருளுக்கு வேறு வேறு பெயர், ஒரே தீக்கு இரண்டு மூன்று கட்டளையிடங்கள். வனத்துறை, மாநிலத் துறை, மாவட்ட, நகரத் துறைகள் சேர்ந்து ஃபயர்ஸ்கோப் என்ற திட்டத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து இதைச் சீர்செய்தன.

அவர்கள் கண்ட விடை எளிமையானது. ஒருவருக்குக் கீழே மூன்றிலிருந்து ஏழு பேர், ஐந்து நல்லது. எட்டாவது வந்தால் நடுவே ஒரு பொறுப்பாளரைப் போடு. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மேலாள். தளபதிக்குக் கீழே நான்கு கை: களப்பணி, திட்டம், தளவாடம், நிதி. பாதுகாப்பு அலுவலர் நேராகத் தளபதியிடம் பேசுவார். ஆபத்தைக் கண்டால் எந்த வேலையையும் அங்கேயே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. தீ இரண்டு மூன்று துறைகளின் எல்லையில் பரவினால் அவற்றின் தளபதிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டத்தில் கையெழுத்திடுவார்கள்.

தீயின் ஓரம் பகுதிகளாகப் பிரிக்கப்படும். வாலில் நின்று தலையைப் பார்த்தால் இடது விலா 'ஏ', வலது விலா 'இசட்'. கடிகாரச் சுற்றில் எழுத்துகள் தொடரும். தீ வளர்ந்தால் புதுப் பகுதி நுழைய நடுவே எழுத்துகளை விட்டு வைப்பார்கள். பெயர் கேட்டவுடனே அது எந்தப் பக்கம் என்பது வேற்றூர் ஆளுக்கும் புரிந்துவிடும். ஒரே வகை வண்டி ஐந்தும் ஒரு தலைவரும் சேர்ந்தால் ஸ்ட்ரைக் டீம்; கலந்து கட்டினால் டாஸ்க் ஃபோர்ஸ். 'மூன்றாம் வகை ஸ்ட்ரைக் டீம் ஒன்று' என்று கேட்டால் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துறையும் சரியாக எதை அனுப்ப வேண்டும் என்று அறியும். தலைவர் ஒருவரிடம் பேசினால் ஐந்து வண்டிக்கும் பேசியதாகும். ரேடியோவில் நாலு பேச்சு மிச்சம்.

கட்டளை கைமாறும்போது நேருக்கு நேர் நின்று மாற்ற வேண்டும், வரைபடத்தை விரித்து வைத்து. யார் எங்கே, எந்தத் திட்டம், எது பலிக்கவில்லை, வானிலை என்ன சொல்கிறது. பிறகு நேரம் குறிப்பிட்டு ரேடியோவில் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். தீ கொந்தளிக்கும் பிற்பகலில் கைமாற்றாமல், அடங்கியிருக்கும் நேரத்தில் மாற்றுவது நல்ல வழக்கம். கொந்தளிப்பில் மாற்றினால் பழையவர் கையை விட்டிருப்பார், புதியவர் இன்னும் பிடித்திருக்கமாட்டார்.

விமானத்தைப் பற்றி மக்கள் மனத்தில் உள்ள நம்பிக்கை கொஞ்சம் அதிகம். கால் ஃபயரின் எஸ்-2டி விமானம் 1,200 கேலன் சுமக்கும். டிசி-10 ஒரே தடவையில் 9,400 கேலன் கொட்டும். கொட்டுவது பாஸ்பேட் உப்புக் கரைசல்; எங்கே விழுந்தது என்று மேலிருந்து தெரியச் சிவப்பு. இது தீயை அணைக்காது. புல்லின் மேல் படிந்து எரிவதை மெதுவாக்கும். அந்த அவகாசத்தில் தரையில் ஆள் வந்து கோடு போடாவிட்டால் தீ அதைச் சுற்றியோ ஊடுருவியோ போய்விடும். பலத்த காற்றில் கரைசல் சிதறும். அடர்ந்த புகையில் விமானமே இறங்க முடியாது. ஆகவே மிக மோசமான நேரத்தில் விமானம் இருக்காது என்று வைத்துத்தான் தரைத் திட்டம் போட வேண்டும்.

2018 நவம்பர் 8 அப்படியொரு நாள். விடியற்காலை 6.30 மணியளவில் வடக்கு கலிபோர்னியாவின் மலைப்பள்ளத்தாக்கில் பழைய மின்கோபுரம் ஒன்றில் கொக்கி தேய்ந்து அறுந்து தீப்பிடித்தது. முதல் வண்டியின் கேப்டன் ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்தார். அக்கரைக்குப் போகும் சாலை குறுகல். காற்று பேய் போல அடித்தது. வண்டியை அனுப்பினால் திரும்பாது என்று கண்டு அனுப்பவில்லை. பெருந்தீயாகும் என்று அறிவித்து அதற்கேற்ற உதவியை உடனே கேட்டார். முதல் கேப்டன் செய்ய வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கங்கு பாரடைஸ் நகரில் விழுந்துகொண்டிருந்தது. அன்று தளபதிகள் தீயை அணைக்கும் முயற்சியைக் கைவிட்டு, வண்டிகளையெல்லாம் மக்களை வெளியேற்றத் திருப்பினார்கள். 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அந்த முடிவை அவர்கள் எடுக்காதிருந்தால் சாவு இன்னும் எத்தனையோ.

வீடுகளுக்கு நடுவே தீ வந்தால் வண்டித் தலைவர் ஒவ்வொரு வீட்டையும் நொடிகளில் தரம் பிரிக்க வேண்டும். சுற்றிலும் சுத்தமாக இருப்பது தானே நிற்கும். கொஞ்சம் வேலை செய்தால் தப்பும் வீட்டுக்கு வண்டி நிற்கலாம். கூரையிலும் மரத்திண்ணையிலும் தீ ஏறிவிட்ட வீட்டை விட்டுவிட வேண்டும். மனத்துக்கு ஆறாது, ஆனால் அந்த ஒரு வீட்டில் தொட்டியைக் காலி செய்தால் அடுத்த நான்கு போகும். வண்டியை வெளியேறும் திசை பார்த்து நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, விளக்கைப் போட்டு வைக்க வேண்டும். குழாயைத் தாராளமாக இழுத்து விரித்தால் கிளம்பும்போது அதுவே காலைக் கட்டும். சில நேரம் குழாயை வெட்டி எறிந்துவிட்டுக் கிளம்ப வேண்டிவரும்.

இந்தக் கட்டளை முறைதான் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே நம் நிர்வாகத்துக்கு ஏற்பத் தைத்தது. மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியரிடம். ஆனால் நம் மலைகளில் தீயோடு மோதுவது வனத்துறையின் காவலர்களும் தற்காலிகத் தீக்காவலர்களும். தீயணைப்பு வண்டி ஏறும் சாலை பெரும்பாலும் இல்லை. கோடைக்கு முன் வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடு, பச்சைத் தழைக்கொத்து, எதிர்த்தீ, இவைதான் அவர்கள் கையில். செயற்கைக்கோள் எச்சரிக்கை கைப்பேசிக்கு வருகிறது. செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்குத்தான் வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயிடம் மாட்டி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கிளீசனின் நான்கு சொல்லும் தீயணைப்பு வீரருக்கு மட்டுமானவை அல்ல. மார்ச் மாதத்தில் புல்மலை ஏறும் எந்தக் குழுவையும் கேட்கலாம்: யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்? அவர் எப்படிச் சொல்வார்? எந்த வழி இறங்குவீர்கள்? எங்கே போய் நிற்பீர்கள்?

'60 விழுக்காடு கட்டுக்குள் வந்தது' என்று செய்தியில் வரும்போது 60 விழுக்காடு அணைந்துவிட்டது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தீயின் சுற்றளவில் அத்தனை பங்குக்கு, தாங்கும் என்று நம்பக்கூடிய கோடு அமைந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். உள்ளே இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். அதன் பிறகுதான் யாரும் படமெடுக்காத வேலை தொடங்குகிறது. ஓரத்திலிருந்து 100 அடி, சில இடங்களில் இன்னும் உள்ளே, ஒவ்வொரு கட்டையையும் புரட்டி, கங்கைச் சுரண்டி, மண்ணோடும் தண்ணீரோடும் கலக்கிச் சேறாக்க வேண்டும். நாட்கணக்கில் நடக்கும். பெருந்தீக்கள் சில மறுபடி கிளம்பியது இந்த வேலையில் ஒரு முழம் விட்டுப்போன இடத்திலிருந்துதான். கடைசியாகக் குழு வரிசையாக ஓரம் நெடுக நடக்கும். கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்து, சுடவில்லை என்றால் மெல்ல உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கையைவிடப் புறங்கை சூட்டைச் சீக்கிரம் உணரும். சுட்டாலும் மறுநாள் கருவி பிடிக்க உள்ளங்கை மிஞ்சும். சூடு தட்டினால் அங்கேயே குந்தித் தோண்டுவார்கள். தட்டாவிட்டால் எழுந்து அடுத்த அடி.